மிச்சத்தையெல்லாம் நீங்கள் ஒருவரே ஏன் சாப்பிட வேண்டும்?

நெல்லைப் பக்கம் ஓர் ஊரிலிருந்து 39 வயது சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் ஐந்து பேர். இவர், கணவர், 71 வயது மாமியார், பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன். தினமும் மதியத்துக்கு மூன்று ஆழாக்கு அரிசி வடிக்கிறார்கள். அதற்கு மேல், "யாராவது வந்தா?" என்று மாமியார் ஒரு கைப்பிடி கூடப் போடச் சொல்கிறார். யாரும் வருவதில்லை. மீந்ததைக் கொட்ட மாமியார் விடமாட்டார், ஃபிரிட்ஜில் வைத்ததைக் கணவர் தொடமாட்டார், பிள்ளைகள் "நேத்து வச்சதா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்கள். கடைசியில் ராத்திரி பத்து மணிக்கு, பாத்திரம் கழுவுவதற்கு முன்னால், இவரே எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டு முடிக்கிறார். மகன் தட்டில் வைத்த எச்சிலும் அதில் சேர்த்தி. ஐந்து வருடத்தில் 11 கிலோ எடை கூடியிருக்கிறது. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.2.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. முந்தைய நாள் மதியம் வடித்து, ராத்திரி முழுக்க அடுப்பு மேடையிலேயே மூடிவைத்திருந்த சோற்றைக் காலையில் எலுமிச்சை சாதமாகக் கிளறி மகனுக்கு டிபன் பாக்ஸில் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் பள்ளியிலேயே பையன் நாலைந்து தடவை வாந்தி எடுத்திருக்கிறான். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டான். ஆனால் அன்றிலிருந்து கணவர், "இனிமே மிச்சம்னு எதுவும் இருக்கக் கூடாது, கொட்டிடு" என்கிறார். மாமியாரோ, "நல்லா சூடு பண்ணித்தான குடுத்தோம், சோத்து மேல பழி போடாத" என்கிறார். சகோதரியின் கேள்விகள்: மீந்த உணவு நிஜமாகவே விஷமா? பழைய சோறு சாப்பிட்டால் சர்க்கரை குறையும் என்கிறார்களே, அது உண்மையா? வேலைக்கு வரும் அக்காவுக்கோ தெருவில் வரும் மாட்டுக்கோ கொடுத்துவிடலாமா? கொட்டவும் மனசு வரவில்லை, என்னதான் செய்ய?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் சோற்றைப் பற்றியும் வீட்டாரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 6.2 பற்றி ஒரே ஒரு வரி. நான் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள், திரும்பி வர முடிகிற இடம்தான் அது. ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் வழிக்கும் இரண்டு கரண்டி சோற்றை 150 கிராம் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 200 கலோரி. குழம்பும் பொரியலில் இருக்கும் எண்ணெயும் தனி. ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு, பசியே இல்லாமல், படுக்கப் போவதற்குச் சற்று முன்னால், வருடக்கணக்கில் இது நடக்கிறது. எடை ஏறியதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பெரிய காரணம். என்னிடம் வரும் நாற்பது வயதை ஒட்டிய பெண்களிடம் "நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் காலை, மதியம், இரவு என்று ஒழுங்காகச் சொல்வார்கள். "வீட்டில் மீந்ததை யார் சாப்பிடுவார்கள்?" என்று கேட்டால்தான் உண்மையான கணக்கு வெளியே வரும். அப்போது பலருக்குக் கண் கலங்கிவிடும், இத்தனை நாள் யாரும் அதைக் கேட்டதில்லை என்பதால்.

சாப்பிட்டுத் தீர்த்துவிட்டால் வீணாகவில்லை என்று நினைக்கிறீர்கள். அது சரியில்லை. பசிக்காத வயிற்றில் போட்ட சோறு யாருக்கும் பயன்படவில்லை, கூடுதலாக உங்களுக்குக் கெடுதலும் செய்கிறது. இன்னொன்று, மிச்சம் வேறு, எச்சில் வேறு. பானையில் இருப்பது மிச்சம், அதற்கு ஐந்து பேரும் பொறுப்பு. மகன் தட்டில் விட்டது எச்சில், அதற்கு மகன் மட்டும்தான் பொறுப்பு. அதை நீங்கள் சாப்பிடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அவன் தட்டில் முதலில் ஒரு கரண்டி மட்டும் போடுங்கள், வேண்டுமென்றால் கேட்கட்டும்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா?

மகனுக்கு வந்த வாந்திக்கு வருகிறேன். பரிசோதனை எதுவும் செய்யாமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சோறு, வெளியே இருந்த நேரம், சாப்பிட்ட இரண்டே மணி நேரத்தில் வாந்தி, சாயங்காலத்துக்குள் தெளிவு, இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமிதான். அது மண்ணில் இருப்பது, அரிசியோடு நம் வீட்டுக்கு வருகிறது. சோறு கொதிக்கும்போது கிருமி செத்துவிடும், ஆனால் அதன் விதை போன்ற வித்துகள் சாகாது. சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அந்த வித்துகள் முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்குகின்றன. அந்த நச்சு பிரஷர் குக்கர் சூட்டையும் தாங்கும். அதனால் அத்தை எவ்வளவு நன்றாகச் சூடு பண்ணியிருந்தாலும் கிருமிதான் சாகும், ராத்திரி முழுக்க அது விட்டுப்போன நச்சு அப்படியே இருக்கும்.

"எலுமிச்சை பிழிந்தோமே, புளிப்பில் கெடாதே" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. புளியோதரையைக் கட்டுச்சோறாகக் கட்டிக்கொண்டு நம் முன்னோர் ஊர்ப்பயணம் போனது உண்மை. ஆனால் அவர்கள் அப்போதுதான் வடித்த சோற்றில் புளிக்காய்ச்சலையும் நல்லெண்ணெயையும் கலந்தார்கள். கிருமி பெருகுவதற்கு முன்பே புளிப்பு உள்ளே போய்விட்டது. நீங்கள் பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாகக் கிருமியைப் பெருகவிட்டு, பிறகு எலுமிச்சை பிழிந்திருக்கிறீர்கள்.

முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று அத்தை சொல்வதும் பாதிதான் உண்மை. ஊசிப்போன வாடை, நூல் விடுவது, கொழகொழப்பு எல்லாம் உணவைக் கெடுக்கும் கிருமிகளின் அடையாளம். ஆளைப் படுக்கவைக்கும் கிருமிகள் பல சமயம் வாடையே காட்டாது.

இப்போது உங்கள் கணவருக்கு. பிள்ளை வாந்தி எடுத்ததைப் பார்த்த அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் குற்றம் சொல்ல வேண்டியது ஃபிரிட்ஜை அல்ல, அந்தச் சோறு ஃபிரிட்ஜுக்குப் போகவே இல்லை என்பதைத்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிதானது: சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 5 டிகிரிக்குக் கீழே குளிராக இருக்க வேண்டும் அல்லது 60 டிகிரிக்கு மேலே சூடாக இருக்க வேண்டும், மறுபடி சூடுபடுத்தும்போது உள்ளே வரைக்கும் 70 டிகிரி தொட வேண்டும், அதாவது நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். இந்த ஒழுங்கோடு எடுத்துவைத்த உணவு விஷம் ஆகாது. நேற்று வைத்தது என்பதற்காக மட்டும் எதையும் கொட்ட வேண்டியதில்லை.

சூடாக உள்ளே வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்று ராத்திரி வரை ஆறவிடுகிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது, ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. மீந்த சோற்றை வாயகன்ற தட்டில் பரப்பி, ஃபேன் அடியில் அரை மணி நேரம் வைத்தால் ஆறிவிடும், உடனே மூடி உள்ளே வையுங்கள். பெரிய சட்டிக் குழம்பு, கறி, பிரியாணி என்றால் இரண்டு மூன்று சின்னப் பாத்திரங்களில் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

அப்படியானால் பழைய சோறு?

அத்தை உங்களிடம் நிச்சயம் இதைக் கேட்டிருப்பார்: "நாங்க காலங்காலமா பழைய சோறு சாப்பிடலையா?" சாப்பிட்டார்கள், நானும் சாப்பிடுகிறேன். தண்ணீர் ஊற்றிய சோற்றில் வேறு வகை பாக்டீரியாக்கள், தயிரைப் புளிக்கவைக்கிற குடும்பத்தைச் சேர்ந்தவை, பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏற மற்ற கிருமிகளுக்கு இடம் குறைகிறது. மூடிவைத்த வெறும் சோற்றில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. இரண்டும் ராத்திரி முழுக்க வெளியே இருந்த சோறுதான், ஆனால் ஒன்றல்ல.

பழைய சோற்றிலும் பலவீனமான நேரம் ஒன்று உண்டு. தண்ணீர் ஊற்றுவதற்கு முந்தைய மணி நேரங்களும், புளிப்பு ஏறும் வரையிலான முதல் சில மணி நேரமும்தான் அது. மதியம் வடித்த சோற்றுக்கு ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றுவது சரியல்ல. ஆறியவுடன் ஊற்றுங்கள், காய்ச்சி ஆறவைத்த தண்ணீராக இருக்கட்டும், முந்தைய நாள் நீராகாரமோ ஒரு கரண்டி மோரோ சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் ஏறும். மண்சட்டி இருந்தால் நல்லது, அது குளிர்ச்சியாக வைத்திருக்கும். காலையில் சாப்பிட்டுவிடுங்கள், நெல்லை வெயிலில் மதியம் வரை நீட்டாதீர்கள். கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தவிர்ப்பதே நல்லது.

சர்க்கரை குறையுமா? வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது, அதனால் ரத்தச் சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறலாம். ஆனால் அது சோறுதான், மருந்து அல்ல. காலையில் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு, மீந்துவிட்டதே என்று ஒரு கிண்ணம் பழைய சோறும் சாப்பிட்டால் உங்கள் 6.2 ஏறத்தான் செய்யும். இட்லிக்குப் பதிலாக என்றால் சாப்பிடலாம். வாட்ஸ்அப்பில் வந்த 'இரும்புச்சத்து இருபது மடங்கு' செய்தியையும் அனுப்பியிருந்தீர்கள். சோற்றில் இல்லாத இரும்பு ராத்திரியில் புதிதாக உண்டாகாது. இருப்பதை உடம்பு எடுத்துக்கொள்வது சற்று எளிதாகலாம், அவ்வளவுதான்.

எது எத்தனை நாள் தாங்கும்?

சோறு ஃபிரிட்ஜில் ஒரு நாள். மறுநாள் ஒரே தடவை சூடுபடுத்திச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், சூடுபடுத்தியதை மறுபடி உள்ளே வைக்கக் கூடாது. பருப்பும் தேங்காயும் சேர்ந்தவை சீக்கிரம் ஊசிப்போகும், அதனால் கூட்டு, அவியல், தேங்காய்ச் சட்னி எல்லாம் மறுநாளோடு முடிய வேண்டும். சாம்பார், கறிக்குழம்பு இரண்டு, மிஞ்சினால் மூன்று நாள், தேவையானதை மட்டும் தனியாக எடுத்துச் சூடுபடுத்துங்கள். வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். தோசை மாவு புளித்தால் கெட்டதாக அர்த்தமில்லை, வெங்காயம் பச்சை மிளகாய் நறுக்கிப்போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ ஊற்றலாம். அதன்மேல் கறுப்பாகவோ ரோஸ் நிறத்திலோ ஏதாவது படர்ந்திருந்தால் வழித்து எடுத்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள், முழுசாகக் கொட்டிவிடுங்கள். இதைக் கொட்டுவதில் பாவம் இல்லை.

பிள்ளைகள் ஒதுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் நேற்றைய உருவத்திலேயே இன்றும் வருவதுதான். எங்கள் வீட்டில் மீந்த கீரை மசியலும் பருப்பும் சப்பாத்தி மாவில் போய்விடும், பொரியல் அடை மாவில் கலந்துவிடும். இட்லியை உதிர்த்துத் தாளித்தால் இட்லி உப்புமா, சப்பாத்தியைக் கிழித்து முட்டையோடு கொத்தினால் என் பிள்ளைகள் சண்டை போட்டுச் சாப்பிடுவார்கள். பீர்க்கங்காய்த் தோலில் துவையல் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் சோறு மீந்தால் அன்றைக்கே ஃபிரிட்ஜில் எடுத்துவைத்து, மறுநாள் காலையில் உப்பு, சீரகம், மிளகாய் சேர்த்து அரைத்து மொட்டைமாடியில் வடகம் பிழிந்துவிடலாம். வாரத்தில் ஒரு ராத்திரி புதுச் சமையல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் இருப்பதையெல்லாம் நடுவில் வைத்து எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிடட்டும், உங்கள் கணவரும்தான்.

ஆழாக்கிலேயே நிறுத்துங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் மீந்த பிறகு செய்வது. உங்கள் வீட்டில் உண்மையான வேலை அரிசி அளக்கிற இடத்தில் இருக்கிறது. ஒரு வாரம், வேறு எதையும் மாற்றாமல், தினமும் என்ன மீந்தது, எவ்வளவு என்று காலண்டரில் கிறுக்கி வையுங்கள். "சோறு 4 கரண்டி, ரசம் பாதி, யாரும் ரெண்டாவது தடவை கேட்கல" என்கிற அளவுக்குப் போதும். கணவர் வாரத்தில் இரண்டு நாள் வெளியே சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த இரண்டு நாளும் அதே மூன்று ஆழாக்குதானே? ஒரு ஆழாக்கு அரிசி வெந்தால் ஏறக்குறைய 400 கிராம் சோறு. அவர் இல்லாத நாளில் ஒன்றைக் குறைத்தாலே ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்கு வேலை இருக்காது. யாராவது வந்துவிட்டால் பத்து நிமிடத்தில் ரவை கிண்டலாம், ஃபிரிட்ஜில் மாவு இருக்கிறது. விருந்தினர் பட்டினியாகப் போக மாட்டார்கள் என்ற உறுதியைத்தான் அத்தை கேட்கிறார், அதைக் கொடுத்துவிடுங்கள்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாகிறது. தோல், எலும்பு எல்லாம் அதில் சேர்த்திதான் என்றாலும், ஐந்து பேர் வீட்டுக்கு 275 கிலோ. கொட்டுவது குப்பைக் கிடங்குக்குப் போனால், ஈரக் குப்பை அங்கே குவிந்து அழுகி மீத்தேன் வாயுவை விடுகிறது. கொட்ட மனசு வராத உங்கள் உணர்வு நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். தவிர்க்க முடியாமல் கெட்டுப்போனதைக் காய்ந்த இலையோடு கலந்து மொட்டைமாடித் தொட்டியில் உரமாக்கலாம்.

மாட்டுக்கும் வேலைக்கு வரும் அக்காவுக்கும்

மாட்டுக்கு ஒரு கை சோறு போடுவதில் தப்பில்லை. ஆனால் தெருவில் பத்து வீட்டார் ஆளுக்கொரு சட்டி கொட்டினால் அதன் வயிற்றில் அமிலம் ஏறி, வயிறு உப்பி, உயிரே போகலாம். சோற்றையும் பொங்கலையும் அளவுக்கு மேல் தின்று மாடுகள் இறப்பது உண்டு. ஊசிப்போனது கட்டாயம் வேண்டாம், பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுவது அதைவிடக் கொடுமை.

வேலைக்கு வரும் அக்கா விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். உங்கள் மகனுக்குக் கொடுக்கத் தயங்குகிற எதையும் அவருக்குக் கொடுக்காதீர்கள், அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொடுப்பதென்றால் அன்றைக்குச் சமைத்ததை, நல்ல பாத்திரத்தில், "வேணுமாக்கா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள்.

அத்தையிடம் எப்படிப் பேசுவது?

அவர் சிறுவயதில் அரிசிக்கு வரிசையில் நின்ற கதையைச் சொல்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். அறுபதுகளின் நடுவில் இங்கே அரிசித் தட்டுப்பாடு அவ்வளவு கடுமையாக இருந்தது, 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்பது பெரிய வாக்குறுதியாக ஆனதே அதனால்தான். அன்று பத்துப் பன்னிரண்டு வயதில் பசியைப் பார்த்தவரிடம் "கொட்டிடுங்க" என்று சொன்னால் அவர் காதில் வேறு மாதிரி விழும். அதனால் கொட்டுவதைப் பற்றிப் பேசாதீர்கள், அளப்பதை அவர் கையிலேயே கொடுங்கள். காலண்டரைக் காட்டி, "அத்தை, இந்த வாரம் இவ்வளவு மீந்திருக்கு, நாளைக்கு எவ்வளவு போடலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் 6.2-ஐயும் அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் படித்தேன், எனக்கு அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. கணவரிடமும் சொல்லுங்கள்.

மகனுக்கு மறுபடி இப்படி வாந்தி வந்தால் ஓஆர்எஸ் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, ரத்தம் கலந்தாலோ, பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ராத்திரி பத்து மணிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தினமும் அரை மணி நேரம் நடங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி மறுபடி எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அந்த எண்ணோடு, இப்போது எத்தனை ஆழாக்கு போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.